வணிகர் சாலைகளில் திருப்பயணம்: ரோம் வழியா, வியா ரேஜியாவா, கமினோவா?

ஐரோப்பாவின் பழைய வணிகச் சாலை ஒன்றில் நடந்தே திருப்பயணம் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, எந்தச் சாலை என்ற கேள்வியில் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறவர்கள் பலர். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றே. இரண்டு அல்லது மூன்று வார விடுப்பு கிடைக்கும், உடல் ஓரளவு ஒத்துழைக்கும், ஸ்பெயினில் சந்தியாகோவுக்குப் போகும் கமினோவைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் இத்தாலியில் ரோமுக்குப் போகும் வியா ஃபிரான்சீஜெனா என்ற வழியும் ஜெர்மனியில் வியா ரேஜியா என்ற வணிகர்களின் அரச சாலையும் திருப்பயணப் பாதைகளாக மீட்கப்பட்டிருக்கின்றன. இவற்றில் எதற்கு அந்த விடுப்பைக் கொடுப்பது? இந்த மூன்றையும் ஒரே அளவுகோல்களால் எடை போட்டுப் பார்க்க இங்கே முயல்கிறேன். கத்தோலிக்கத் திருப்பயணமாக நடக்க விரும்புகிறவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இயற்கைக் காட்சிக்காகவோ உடற்பயிற்சிக்காகவோ நடப்பவருக்கு என் முடிவுகள் பொருந்தாமல் போகலாம்.

## வணிகச் சாலையைத் திருப்பயணப் பாதை என்று அழைப்பது சரியா?

இந்த ஐயம் நியாயமானது. இதைத் தீர்த்துக்கொள்ளாமல் கிளம்பினால் வழியில் உறுத்தும். இடைக்காலத்தில் திருப்பயணிக்கு ஒரு சாலை, வணிகனுக்கு வேறொரு சாலை என்று இருக்கவில்லை. பாலம் எங்கே இருந்ததோ, கணவாய் எங்கே திறந்திருந்ததோ, இரவில் கதவைத் திறக்கும் விடுதி எங்கே இருந்ததோ, அங்கே இருவரும் சேர்ந்தே போனார்கள். 990-ஆம் ஆண்டில் கேன்டர்பரி பேராயர் சிஜெரிக், தம் பதவிக்குரிய பால்லியம் என்னும் தோள்துகிலைத் திருத்தந்தையிடம் பெற ரோமுக்குப் போனார். அங்கிருந்து திரும்பிய வழியில் அவர் தங்கிய இடங்களின் பட்டியல் இன்றும் கையெழுத்துப் படியாக இருக்கிறது. இன்றைய வியா ஃபிரான்சீஜெனா அந்தப் பட்டியலைக் கொண்டுதான் மீட்கப்பட்டது. அடுத்த சில நூற்றாண்டுகளில் அதே ஊர்கள் வழியாகத்தான் சியெனா, லூக்கா நகரங்களின் வணிகர்கள் பிரான்சின் ஷாம்பேன் சந்தைகளுக்குத் துணியும் பட்டும் பணமும் கொண்டு போனார்கள்.

லூக்காவுக்குக் கிழக்கே அல்தோபாஷியோ என்ற சிற்றூர் இருக்கிறது. சதுப்பும் காடுமாக இருந்த அந்தப் பகுதியில் ஒரு துறவு சபையினர் மருத்துவமனையும் விடுதியும் நடத்தினர். இருட்டும் வேளையில் வழி தவறியவர்களுக்குத் திசை காட்டக் கோபுர மணியை அடித்தனர். அந்த மணியைக் கேட்டு வந்தவன் தோளில் துணிமூட்டை இருந்ததா, கையில் திருப்பயணக் கோல் இருந்ததா என்று அவர்கள் பார்க்கவில்லை. ஆகவே இச்சாலைகளைத் திருப்பயணப் பாதைகளாக மீட்டதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நீங்கள் காலடி வைக்கும் மண் பெரும்பாலும் அந்தப் பழைய சாலை அல்ல. நல்ல சாலை எதுவோ அதன்மேல் அடுத்த நூற்றாண்டுகள் நெடுஞ்சாலை போட்டுவிட்டன. இன்றைய திருப்பயணப் பாதை அந்த நெடுஞ்சாலையின் வாகனங்களைத் தவிர்த்து, பக்கத்து வயல்களிலும் காடுகளிலும் வளைந்து போய், பழைய ஊர்களில் மட்டும் பழைய சாலையைத் தொட்டு மீள்கிறது.

## எவற்றைக் கொண்டு எடை போடுவது

என் வரிசையில் முதலில் வருவது திருப்பலி. நாள்தோறும், இல்லாவிட்டால் ஞாயிறுதோறுமாவது, திருப்பலியும் தேவைப்படும்போது ஒப்புரவு அருட்சாதனமும் வழியில் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். இதைப் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள். திருப்பயணத்துக்கும் நெடுநடைக்கும் உள்ள வேறுபாடே இங்கேதான் என்பதால் நான் முதலில் வைக்கிறேன்.

இரண்டாவது, பாதை எங்கே போய் முடிகிறது என்பது. திருத்தூதரின் கல்லறையில் முடியும் பாதையும், ஒரு சிற்றூரில் முடிந்து அதற்கப்பால் வேறொரு பாதையோடு இணையும் பாதையும் நடப்பவரின் மனத்தில் வேறு வேறு வேலை செய்கின்றன. மூன்றாவது தனிமை: எவ்வளவு தனிமை உங்களால் தாங்க முடியும், எவ்வளவு உங்களுக்கு வேண்டும் என்பவை இரண்டு தனிக் கேள்விகள். நான்காவது நாள்களும் உடலும், ஐந்தாவது பணம். மொழியைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. அது தனிமையையும் ஒப்புரவையும் நேரடியாகத் தொடுவதால் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

வேளாங்கண்ணிக்கோ மடுவுக்கோ நடந்து போன பழக்கம் உள்ளவர்கள் ஒரு வேறுபாட்டை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நம் பாதயாத்திரை கூட்டமாகப் போவது. செபமாலையும் பாட்டும் கூட்டத்தைத் தாங்கும். வழியோரத்தில் யாராவது மோரோ சோறோ கொடுப்பார்கள். இந்த ஐரோப்பியப் பாதைகளில் அவரவர் தம் வேகத்தில், தம் மூட்டையோடு, பெரும்பாலும் பேசாமல் நடக்கிறார்கள். கூட்டு செபத்தை நாமே கொண்டுபோனால்தான் உண்டு.

## வியா ஃபிரான்சீஜெனா: லூக்கா அல்லது சியெனாவிலிருந்து ரோம்

கேன்டர்பரியிலிருந்து ரோம் வரை முழு வழியும் ஏறத்தாழ 2,000 கி.மீ. இருக்கும்; ஆல்ப்ஸ் மலையில் 2,469 மீட்டர் உயரத்திலுள்ள பெரிய புனித பெர்னார்டு கணவாயைக் கடந்து அது இத்தாலிக்குள் இறங்குகிறது. விடுப்பில் வருகிறவருக்கு அது பொருந்தாது. பொருந்துவது கடைசிப் பகுதி: லூக்காவிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ., நிதானமாக நடந்தால் மூன்று வாரத்துக்குள் முடியும். சியெனாவிலிருந்து கிளம்பினால் இரண்டு வாரம் போதும். ஐரோப்பிய மன்றம் 1994-இல் இதைப் பண்பாட்டுப் பாதையாக ஏற்றது.

வணிகத்தின் தடத்தைப் பார்க்க விரும்புகிறவருக்கு மூன்று வழிகளிலும் இதுவே வளமானது. சியெனாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கடல் இல்லை, படகு போகும் ஆறும் இல்லை. மலைமுகட்டில் இருந்த அந்த ஊர் வங்கியர்களின் நகரமாக வளர்ந்ததற்கு இந்தச் சாலைதான் காரணம். பேராலயத்துக்கு எதிரே சான்தா மரியா தெல்லா ஸ்காலா என்ற பெரும் மருத்துவமனை நிற்கிறது. சாலையில் வந்த நோயாளிகளையும் திருப்பயணிகளையும் ஏற்று, கைவிடப்பட்ட குழந்தைகளையும் வளர்த்த இடம் அது. வணிகத்தில் சேர்ந்த செல்வத்தில் ஒரு பங்கு சாலையில் வந்த ஏழைக்குத் திரும்பிப் போனதை அங்கே கண்ணால் பார்க்கலாம். பொல்சேனாவுக்கும் மொந்தெஃபியாஸ்கோனேவுக்கும் இடையே ரோமர் காலக் காஸ்ஸியா சாலையின் கருங்கல் தளம் சில இடங்களில் இன்னும் வெளியே தெரிகிறது. உண்மையான பழைய சாலையில் கால் பதிக்கும் அரிய இடங்களில் அதுவும் ஒன்று.

திருப்பலி என்ற அளவுகோலில் இந்த வழிக்கு இணை இல்லை. இரவு தங்கும் ஊர் ஒவ்வொன்றிலும் பங்குக் கோவில் இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் மாலைத் திருப்பலி நடந்து முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். சிற்றூர்களில் ஒரே குரு பல பங்குகளைப் பார்ப்பதால், நேரத்தைக் கோவில் கதவிலுள்ள அறிவிப்பில் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பானது. நண்பகலில் பல கோவில்கள் பூட்டியிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். ஒப்புரவை ஆங்கிலத்தில் செய்ய வேண்டுமானால் சிற்றூர்களில் நம்பியிருக்க முடியாது. ரோமில் புனித பேதுரு பேராலயத்தில் பல மொழிகளில் அது கிடைக்கும்.

இவ்வழியின் கடைசி ஐந்தாறு நாள்களில் நம் விசுவாசத்தின் வரலாறு ஊருக்கு ஊர் எதிர்ப்படுகிறது. 1263-இல், நற்கருணையில் ஐயம் கொண்டிருந்த பிராகா நகரத்துக் குரு ஒருவர் ரோமுக்குப் போகும் வழியில் பொல்சேனாவின் புனித கிறிஸ்தீனா கோவிலில் திருப்பலி நிறைவேற்றியபோது, அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்ததாக மரபு சொல்கிறது. அவரும் ஒரு திருப்பயணியே. இதே சாலையில் நடந்தவரே. அப்போது ஓர்வியெத்தோவில் இருந்த திருத்தந்தை நான்காம் உர்பான் அடுத்த ஆண்டில், 1264-இல், கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவைத் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்தினார். ரோமுக்கு முந்திய கடைசி ஊரான லா ஸ்தோர்த்தாவின் சிற்றாலயத்தில்தான் 1537-இல் புனித இஞ்ஞாசியாருக்கு, சிலுவை சுமந்த கிறிஸ்துவோடு தாம் சேர்க்கப்படும் காட்சி கிடைத்தது. அவருடைய முதல் தோழர்களில் ஒருவரான பிரான்சிஸ் சவேரியார் ஐந்து ஆண்டுகள் கழித்து, 1542-இல், நம் முத்துக்குளித்துறையில் வந்து இறங்கினார். தென்கடற்கரைப் பரதவர் குடும்பத்திலிருந்து வருகிறவர் ஒருவர் அந்தச் சிற்றாலயத்தைப் பார்க்காமல் கடந்து போவது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

தங்குமிடங்களில் கலப்பு அதிகம். பங்குகளும் துறவு மடங்களும் நடத்தும் எளிய விடுதிகளில் சில விருப்பக் காணிக்கையில் இயங்குகின்றன; ராடிகோஃபானியில் திருப்பயணியின் பாதம் கழுவி வரவேற்கும் வழக்கத்தை ஒரு பக்திச் சபையினர் காத்து வருகிறார்கள். ஆனால் இத்தகைய இடங்களில் கட்டில்கள் குறைவு, சில ஊர்களில் அவை இல்லவே இல்லை. அங்கே தனியார் அறைக்குப் போக வேண்டும், சான் ஜிமிஞ்ஞானோ போன்ற சுற்றுலா ஊரில் அதற்குச் சுற்றுலாப் பயணியின் விலைதான். மூன்று வழிகளிலும் கணக்கில் அதிகம் தப்புவது இத்தாலியின் அறைச் செலவே.

உடலுக்கு வரும்போது, சான் குய்ரிக்கோவிலிருந்து ராடிகோஃபானி வரை உள்ள ஒரு நாள்தான் சோதனை. முப்பது கிலோமீட்டருக்கு மேல் நடை, இறுதியில் நீண்ட ஏற்றம், நிழல் மிகக் குறைவு. நம் ஊர் வெயிலைக் கண்டவர்களுக்கு இத்தாலிய வெயில் ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொண்டு ஜூலை, ஆகஸ்டில் போக வேண்டாம். நம் ஊரில் அந்த நேரத்தில் மூட்டையோடு யாரும் மலை ஏறுவதில்லை. ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் தொடக்கம் வரையும் செப்டம்பர் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையும் நல்ல காலம். ரோமுக்குள் நுழையும் கடைசி நாளில் வாகன இரைச்சல் மிகுந்த சாலையோரங்கள் உண்டு. அதைப் பொறுத்துக்கொண்டு மொந்தே மாரியோ குன்றின் மேல் ஏறினால் பேராலயக் கும்மட்டம் முதன்முறையாகத் தெரியும். இடைக்காலத் திருப்பயணிகள் அந்தக் குன்றை மகிழ்ச்சி மலை என்றார்கள்.

நடந்ததற்கான சான்றிதழுக்குக் கடைசி 100 கி.மீ. நடந்தால் போதும் என்பதால் விதெர்போவிலிருந்து கிளம்புகிறவர்களும் உண்டு. ஐந்து நாளே கையில் இருந்தால் அது மதிக்கத்தக்க தேர்வு. இரண்டு வாரம் கிடைக்கும்போது விதெர்போவில் தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன். உடல் நடைக்குப் பழகி மனம் அமைதியடையத் தொடங்கும் நாளில் பயணம் முடிந்துவிடும்.

## வியா ரேஜியா: கோர்லிட்ஸிலிருந்து மேற்கே

மூன்றிலும் வணிகச் சாலை என்ற பெயருக்கு முழு உரிமை உடையது இதுவே. ரைன் ஆற்றங்கரையிலிருந்து ஃபிராங்க்ஃபுர்ட், எர்ஃபுர்ட், லைப்சிக், கோர்லிட்ஸ், விராட்ஸ்வாஃப், கிராக்கோ வழியாகக் கிழக்கே கீவ் வரை போன அரச சாலை அது. மேற்கிலிருந்து ஃபிளாண்டர்ஸ் துணியும் கிழக்கிலிருந்து தோலும் மெழுகும் தேனும் அதில் போயின. வணிகர்கள் அந்தச் சாலையை விட்டு விலகக் கூடாது என்ற கட்டாயமும் இருந்தது. சுங்கம் கொடுத்துத்தான் நகர வேண்டும். எர்ஃபுர்ட் நகரம் செழித்தது நீலச் சாயம் தரும் ஒரு செடியால். அந்தச் சாயத்தை விற்கக் கிழக்கே கொண்டுபோனவர்கள் கோர்லிட்ஸில் இறக்கி வைத்தாக வேண்டும் என்ற உரிமையை அந்நகரம் பெற்றிருந்தது. பிற்காலத்தில் இந்தியாவிலிருந்து கடல் வழியாக வந்த அவுரி நீலம்தான் எர்ஃபுர்ட்டின் சாய வணிகத்தை அழித்தது.

சீர்திருத்தக் காலத்துக்குப் பின் இங்கே திருப்பயணம் நின்றுபோனது. 2003-இல் கோர்லிட்ஸ் முதல் ஃபாகா வரை ஏறத்தாழ 460 கி.மீ. நீளத்துக்குக் கிறிஸ்தவ ஒன்றிப்புத் திருப்பயணப் பாதை என்ற பெயரில் அது மீண்டும் திறந்தது. 2005-இல் ஐரோப்பிய மன்றம் வியா ரேஜியாவைப் பண்பாட்டுப் பாதையாக ஏற்றது. நீலப் பின்னணியில் மஞ்சள் சிப்பிக் குறி வழிகாட்டுகிறது. பழைய திருப்பயணிகள் இங்கிருந்து சந்தியாகோவை நோக்கிப் போனவர்கள் என்பதால், அந்தத் திருப்பயணத்தின் அடையாளமான சிப்பி இங்கும் பொருந்துகிறது.

கத்தோலிக்கருக்கு இந்த வழியின் கடினம் வெளிப்படையானது. பாதை போகும் சாக்சனி, சாக்சனி-அன்ஹால்ட், தூரிங்கியா மாநிலங்களில் கத்தோலிக்கர் சிறுபான்மை. நாற்பது ஆண்டு கம்யூனிச ஆட்சிக்குப் பிறகு மக்களில் பெரும்பாலோர் எந்தச் சபையையும் சேராதவர்கள். வார நாளில் திருப்பலியை எதிர்பார்த்து நடக்க முடியாது. ஞாயிறைக்கூடக் கணக்குப் போட்டுத்தான் அமைக்க வேண்டும். கோர்லிட்ஸில் மறைமாவட்டப் பேராலயம் இருக்கிறது, அது புனித யாக்கோபின் பெயரால் அமைந்தது. அங்கிருந்து புதன்கிழமை கிளம்பினால், அவசரமில்லாமல் சனிக்கிழமை மாலைக்குள் பன்ஷ்விட்ஸ்-குக்கௌ என்ற ஊருக்கு, 1248-இல் நிறுவப்பட்ட புனித மரியன்ஷ்டெர்ன் மடத்துக்குப் போய்விடலாம். சிஸ்டர்சியன் கன்னியர் இன்றும் அங்கே வாழ்ந்து செபிக்கிறார்கள். இப்படி அமைத்தால் முதல் ஞாயிறு காப்பாற்றப்படும். அடுத்த ஞாயிறுக்கு லைப்சிக், அதற்கடுத்து எர்ஃபுர்ட் பேராலயம். இடையில் காமன்ஸ் முதல் வூர்ட்சன் வரையுள்ள நாள்களுக்கு உங்கள் செபப் புத்தகமும் செபமாலையுமே துணை.

வழியில் லூத்தரன் சபையினரின் வழிபாட்டில் அமர்ந்து இறைவார்த்தை கேட்கலாம், பாடலாம். நற்கருணையை அங்கே பெற முடியாது என்பதை வருத்தத்தோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். பிரிவின் வலி என்று நாம் வாயால் சொல்வது அந்த வாசலில் நிற்கும்போதுதான் உறைக்கும். பவுட்சனில் புனித பேதுரு கோவிலைப் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து இரு சபையினரும் பகிர்ந்து வருகிறார்கள். ஒரே கூரையின் கீழ் ஒரு பகுதி அவர்களுடையது, ஒரு பகுதி நம்முடையது. எர்ஃபுர்ட் பேராலயத்தில்தான் 1507-இல் மார்ட்டின் லூத்தர் குருப்பட்டம் பெற்றார். ஒன்றிப்புக்காகச் செபிக்க விரும்புகிற கத்தோலிக்கருக்கு இதைவிடப் பொருத்தமான சாலையை நான் அறியேன்.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. பவுட்சனைத் தாண்டியதும் சோர்பியர் என்ற சிறிய ஸ்லாவிய மொழிச் சமூகத்தின் ஊர்கள் வருகின்றன. அவர்களில் அந்தப் பகுதியில் வாழ்கிறவர்கள் கத்தோலிக்கர்கள். சுற்றிலும் எல்லாம் மாறியபோதும் விசுவாசத்தையும் மொழியையும் ஒன்றாகக் காத்தவர்கள். வயல் முனைகளில் பாடுபட்ட சுரூபங்கள் நிற்கும். உயிர்ப்பு ஞாயிறன்று ஆண்கள் குதிரைமேல் ஏறி, உயிர்ப்பின் செய்தியைப் பாடிக்கொண்டு பக்கத்துப் பங்குக்குப் போவார்கள். கோர்லிட்ஸிலேயே, 1465-இல் எருசலேமுக்குப் போய்வந்த கியோர்க் எம்மெரிக் என்ற வணிகர் குடும்பத்தவரின் முயற்சியால் எழுந்த திருக்கல்லறையின் மாதிரி இருக்கிறது. வணிகமும் திருப்பயணமும் ஒரே மனிதரில் கூடியதற்கு அந்தக் கட்டடம் சாட்சி.

பணத்தில் இதுதான் மிகக் குறைவு. தங்குமிடங்கள் பங்கு இல்லங்களிலும் வீடுகளிலும் எளிமையாக அமைந்தவை. சிறு கட்டணம் அல்லது காணிக்கை. ஆனால் முந்தின நாளே தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும், அழைப்பை எடுப்பவர் ஜெர்மன் மட்டுமே பேசக்கூடும். அப்பகுதியின் முதியவர்கள் பள்ளியில் கற்ற அயல்மொழி ரஷ்யன். சாவியை யாரிடம் வாங்குவது, எங்கே வைப்பது என்ற அளவுக்காவது ஜெர்மன் கற்றுக்கொள்ளாமல் இந்த வழிக்குப் போக வேண்டாம். படுக்கைப் பையைச் சுமக்க வேண்டும். சிற்றூர்களில் கடையோ உணவகமோ இருக்காது, ஞாயிறன்று நகரத்திலும் கடைகள் மூடியிருக்கும், எனவே சனிக்கிழமையே இரண்டு நாள் உணவு மூட்டையில் ஏறும். நிலம் பெரும்பாலும் சமம் அல்லது மென்மையான மேடு. உடலைவிட மனத்துக்குத்தான் இங்கே சோதனை. நாள் முழுதும் வேறொரு திருப்பயணியைக் காணாமல் நடக்க நேரிடும்.

பாதை முடியும் இடமும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஃபாகா, முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் எல்லையிலிருந்த சிற்றூர். அங்கே திருத்தூதர் கல்லறை இல்லை, வழி மேற்கே தொடர்கிறது. ஆகவே எர்ஃபுர்ட்டில் முடித்துக்கொள்ளும்படி கத்தோலிக்கருக்கு நான் பரிந்துரைக்கிறேன். பேராலயப் படிகளில் ஏறி, திருப்பலியில் முடிப்பது பயணத்துக்கு ஒரு நிறைவைத் தரும். இன்னும் மூன்று நான்கு நாள் நடக்க முடிந்தால் ஐசனாக் வரை போய், வார்ட்புர்க் கோட்டையில் வாழ்ந்து ஏழைகளுக்கு எல்லாவற்றையும் கொடுத்த ஹங்கேரியின் புனித எலிசபெத்தை நினைத்துச் செபித்து முடிக்கலாம்.

## கமினோ: பிரெஞ்சு வழி

இதைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்சின் எல்லையிலிருந்து சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா வரை ஏறத்தாழ 780 கி.மீ.; லெயோன் நகரிலிருந்து 300 கி.மீ. சற்று மேலே, சாரியாவிலிருந்து 115 கி.மீ. அளவில். வணிகச் சாலையாகவே பிறந்த வழி அல்ல இது. திருப்பயணிகள் முதலில் வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து பிரெஞ்சு வணிகர்களும் கைவினைஞர்களும் அரசர்கள் தந்த சலுகைகளைப் பெற்று வழியோர நகரங்களில் குடியேறினார்கள். இந்த வழியை நம் காலத்தில் மீட்டவர்களில் முதன்மையானவர் ஓ செப்ரெய்ரோவின் பங்குத்தந்தை எலியாஸ் வலீஞ்ஞா. 1980-களில் அவர் வரைந்த மஞ்சள் அம்புகளே இன்றும் வழிகாட்டுகின்றன. 1987-இல் ஐரோப்பிய மன்றத்தின் முதல் பண்பாட்டுப் பாதையாக இது அறிவிக்கப்பட்டது.

முடிவிடம் திருத்தூதர் யாக்கோபின், நம் சந்தியாகப்பரின், கல்லறை. வழியில் திருப்பயணியருக்கான திருப்பலியும் ஆசீரும் பல ஊர்களில் உண்டு. கலீசியா அரசு நடத்தும் விடுதிகளில் ஓர் இரவுக்கு 10 யூரோ. மொழி தெரியாமலும் சமாளிக்கலாம், தனியாக வரும் பெண்களுக்கும் வழியில் துணை கிடைக்கும், நோய் வந்தால் உதவி அருகில் இருக்கும். இவை சிறிய விஷயங்கள் அல்ல. முதன்முறை வெளிநாட்டில் தனியே நடக்கும் அறுபது வயதுக்காரருக்கு நான் வேறு வழியைச் சொல்லமாட்டேன்.

அதன் மறைவான விலை கூட்டம். 2024-இல் சந்தியாகோவில் சான்றிதழ் பெற்றவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். அவர்களில் அதிகம் பேர் தொடங்குவது சாரியாவில். கட்டிலுக்காக விடியுமுன் கிளம்பும் போட்டியில் காலை செபம் முதலில் காணாமல் போகிறது. விடுதியின் இரைச்சலில் இரவு செபம் அடுத்துப் போகிறது. ஜூலை 25 ஞாயிறாக வரும் ஆண்டே சந்தியாகோவின் புனித ஆண்டு, அடுத்தது 2027. அந்த ஆண்டின் பேறுபலனுக்காகவும் புனித வாசலுக்காகவும் போகிறவர்கள் கூட்டத்தை ஏற்றுக்கொண்டு போக வேண்டும். மற்றவர்கள் அந்த ஆண்டைத் தவிர்ப்பது நல்லது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ரோம் வழி (சியெனாவிலிருந்து) | வியா ரேஜியா (எர்ஃபுர்ட் வரை) | கமினோ (லெயோனிலிருந்து) |
|---|---|---|---|
| நாள்கள் | இரண்டு வாரம் | இரண்டரை முதல் மூன்று வாரம் | இரண்டு வாரம் |
| வார நாள் திருப்பலி | பெரும்பாலும் கிடைக்கும் | அரிது | பல ஊர்களில் கிடைக்கும் |
| தனிமை | மிதம் | மிக அதிகம் | குறைவு, சாரியாவுக்குப் பின் இல்லை |
| தங்கும் செலவு | மூன்றிலும் அதிகம் | மூன்றிலும் குறைவு | குறைவு |
| மொழித் தடை | ஓரளவு | கடுமை | குறைவு |
| வணிகச் சாலையின் தடம் | நகரங்களில் மிக வளம் | வரலாற்றில் முழுமை, தரையில் குறைவு | மிதம் |
| உடல் சோதனை | மேடு பள்ளம், வெயில் | சமநிலம், நீண்ட நாள்கள் | இரண்டு பெரிய ஏற்றங்கள் |

## இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கிளம்புகிறவர் கணக்கில் சேர்க்க வேண்டியவை

மூன்று நாடுகளுக்கும் ஷெங்கன் விசா ஒன்றே. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் உண்டு. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள். காணிக்கையில் இயங்கும் பங்கு விடுதிகளோ பெரும்பாலும் முன்பதிவு ஏற்பதில்லை. எனவே நாள்வாரியாக ஊர்களைக் குறித்த பயணத் திட்டமும், ரத்து செய்யக்கூடிய அறைப் பதிவுகளும் வைத்துத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ரத்து செய்யும் கடைசித் தேதியைத் தவறவிட்டால் அந்தப் பணம் போகும். இதை ஒரு செலவாகவே எழுதி வையுங்கள். உங்கள் பங்குத்தந்தையிடம் திருப்பயணத்துக்கான ஒரு கடிதத்தை ஆங்கிலத்தில் பெற்றுச் சேர்ப்பது விண்ணப்பத்துக்கு உதவலாம், வழியில் மடங்களின் கதவைத் தட்டும்போதும் உதவும்.

காலணிக்கு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஊரிலேயே மூன்று மாதம், மூட்டையோடு, அந்தக் காலணியில் நடந்து பழகுவதை எந்த வழிக்கும் நான் நிபந்தனையாகவே வைப்பேன்.

## யாருக்கு எது

இரண்டு வாரம் கிடைக்கிற, நடக்கப் பழகிய, வாழ்நாளில் ஒருமுறைதான் இப்படிப் போகக்கூடும் என்று நினைக்கிற கத்தோலிக்கருக்கு என் பதில் தயக்கமில்லாமல் சியெனாவிலிருந்து ரோம். நாள்தோறும் திருப்பலி, பொல்சேனா, லா ஸ்தோர்த்தா, இறுதியில் புனித பேதுருவின் கல்லறை: இந்த வரிசையை வேறு எந்த வழியும் தராது. அறைச் செலவு தடையாக இருந்தால் ஒரு வாரத்தைக் குறைத்து அக்வாபெந்தெந்தேவிலிருந்து கிளம்பலாம், பொல்சேனா அப்போதும் வழியில் வரும்.

தனியாகப் போக அஞ்சுகிறவருக்கும், மருத்துவ உதவி அருகில் வேண்டும் என்கிறவருக்கும், பதின்வயதுப் பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்கும் கமினோ. அவர்கள் சாரியாவைத் தவிர்த்து லெயோனிலிருந்தோ, நாள் குறைவானால் ஓ செப்ரெய்ரோவிலிருந்தோ தொடங்கினால், கூட்டத்துக்கு முன்பே சில அமைதியான நாள்கள் கையில் இருக்கும்.

முன்பே ஒரு நீண்ட வழி நடந்தவருக்கும், ஜெர்மனியில் வாழ்ந்து மொழி அறிந்த நம்மவர்களுக்கும், குருக்கள் துறவியருக்கும் வியா ரேஜியா. குரு ஒருவர் உடன் நடந்தால் திருப்பலியின் குறையும் தீர்ந்துவிடும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு குருவோடு போவதுதான் இந்த வழிக்கு ஆகச் சிறந்த முறை என்று கருதுகிறேன். ஜெர்மனியில் குடியிருப்பவர்கள் ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை. கோர்லிட்ஸ் முதல் காமன்ஸ் வரை ஒரு நீண்ட வார இறுதியிலும், மீதியை அடுத்தடுத்த விடுமுறைகளிலும் நடக்கலாம், ரயிலில் திரும்பும் வசதி பெரிய ஊர்களில் இருக்கிறது.

எதைத் தேர்ந்தாலும் நாள்காட்டியில் முதலில் ஞாயிறுகளைக் குறித்து, அந்த நாள்களில் எந்த ஊரில் இருப்பீர்கள் என்று எழுதி, அந்தப் பங்கின் திருப்பலி நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். விசாத் தேதியும் விமானச் சீட்டும் அதற்குப் பிறகு வரட்டும். விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், மே மாதம் நடக்க விரும்புகிறவர் திருவருகைக் காலத்திலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.